தங்கவயல் இளைஞர்: காயமும் கடமையும்

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அந்த ஆண்டில் பிறந்த குழந்தைகள் இன்று இளைஞர்கள். சுரங்கத்தின் சங்கொலியை அவர்கள் கேட்டதில்லை. கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கும் தந்தையை வழியனுப்பி நின்றதில்லை. ஆயினும் சுரங்கம் விட்டுச் சென்றவற்றை எல்லாம் சுமப்பவர்கள் அவர்களே. பாட்டனாரின் இருமல், தந்தையின் நாற்பது வயது வேலையின்மை, பட்டா இல்லாத லைன் வீடு, காற்றடிக்கும் மாதங்களில் சோற்றுத் தட்டு வரை வந்து படியும் சயனைடு மேட்டுத் தூசி ஆகிய அனைத்தும் அவர்களுக்கு வந்து சேர்ந்த சொத்து.

தங்கவயலின் பெயர் சொல்லும் சுரங்கங்கள் ஐந்து. தெற்கே மைசூர் சுரங்கம், அடுத்தடுத்து சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க், வடகோடியில் பாலகாட். ஆங்கிலேயக் கம்பெனிகள் இட்ட பெயர்களே இன்றும் குடியிருப்புகளின் பெயர்கள். பாலகாட்டில் தங்கம் எடுப்பது மற்ற சுரங்கங்களைக் காட்டிலும் முன்னதாகவே நின்றது, குடும்பங்கள் நின்றன. வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பஞ்சமும் சாதிக் கொடுமையும் துரத்த, கங்காணிகளின் பின்னே நடந்து வந்த தலித் உழைப்பாளிகளின் நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் அவர்கள். தட்டிகளால் ஆன குடிசைகளில் தொடங்கிய வாழ்க்கை அது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தது தங்கவயலின் எந்திரங்களுக்காகத்தான். பெங்களூரின் தெருக்களே அதற்குப் பின்னர்தான் விளக்கைக் கண்டன. அத்தகைய ஊரின் பிள்ளைகள் இன்று வேலைக்காக நாள்தோறும் அந்தப் பெங்களூருக்கு ஓடுகிறார்கள்.

இந்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ளாமல் தங்கவயலில் இளைஞர் அமைப்பு பற்றிப் பேசுவதில் பொருளில்லை. மாரிக்குப்பத்திலிருந்து சாம்பியன், உரிகம், கோரமண்டல், பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் ரயில்களில் பொழுது விடியும் முன்னரே ஆயிரக்கணக்கானோர் ஏறுகின்றனர். கட்டட வேலை, காவல் வேலை, அலுவலகத் துப்புரவு, ஆயத்த ஆடை ஆலை, கடை விற்பனை, உணவு விநியோகம் என்று ஒப்பந்தக்காரரின் கீழ் செய்யும் வேலைகளே பெரும்பாலும். போக 100 கிலோமீட்டர், வர 100 கிலோமீட்டர். ரயில் தாமதமானால் அரைநாள் கூலி போகும். திரும்பும் ரயில் தாமதமானால் தூக்கம் போகும். வீடு வந்து சேர்கையில் குழந்தைகள் உறங்கிவிட்டிருப்பார்கள். இப்படி வாழும் ஓர் இளைஞரிடம் "மாலை 6 மணிக்குக் கிளைக் கூட்டம், தவறாமல் வந்துவிடுங்கள் தோழர்" என்று சுற்றறிக்கை அனுப்புகிறோம். அவர் வரவில்லை. மூன்று கூட்டங்களுக்குப் பின் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே "செயல்படாதவர்" என்று எழுதப்படுகிறது.

இளைஞர் கிளை ஒன்று எழுச்சியோடு தொடங்குவதும், சில போராட்டங்களில் முன் நிற்பதும், ஈராண்டில் இருக்கும் இடம் தெரியாமல் கரைவதும் தங்கவயலுக்கு மட்டும் உரியதன்று. திருப்பூரிலும் ஓசூரிலும் ஆவடியிலும் பணியாற்றும் தோழர்கள் அறிந்த கதைதான் இது. கரைந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கும் வழக்கம் நம் அறிக்கைகளில் குறைவு. சிலர் எதிர்முகாமுக்குச் சென்றிருக்கலாம். அவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோர் கொள்கையை விட்டுச் செல்லவில்லை, களைத்து உட்கார்ந்துவிட்டவர்கள். வழக்குகளுக்கு நடந்து களைத்தவர்கள், வீட்டில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டே போராட்டத்துக்கும் வந்து களைத்தவர்கள், உடன் நின்ற நண்பனின் தற்கொலைக்குப் பின் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். இயக்கத்தில் ஏற்படும் காயம் என்பது தடியடியில் உடையும் மண்டை மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு இவர்கள் கண்ணில் படுவதில்லை.

இப்போது "மீள்திறன்" என்றொரு சொல் அரசு ஆவணங்களிலும் பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு அறிக்கைகளிலும் மிகுதியாகப் புழங்குகிறது. வேலை போனாலும் தாங்கிக்கொள்ளும் மக்கள், வெள்ளம் வந்தாலும் எழுந்து நிற்கும் மக்கள் என்று பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறார்கள். தாங்கும்படி சுமையை ஏற்றியவர் யார் என்ற கேள்வி அந்தப் பாராட்டில் காணாமல் போய்விடுகிறது. தங்கவயல் மக்கள் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தாங்குகிறார்கள் என்றால் அது அவர்களின் குணச்சிறப்பு என்பதைவிட அரசின் குற்றம் என்பதே பொருந்தும். மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சி வகுப்புகளால் பட்டா கிடைக்காது. மூச்சுப் பயிற்சியால் சிலிக்கா தூசி நுரையீரலை விட்டு வெளியேறாது. இந்த ஏமாற்றை நாம் அம்பலப்படுத்துவது சரியே.

ஆனால் அதைக் காரணம் காட்டி, களைப்பு என்பதே நடுத்தர வர்க்கத்தின் நோய், உண்மையான தொண்டனுக்கு அது வராது என்று சொல்லும் பழக்கம் நம் அணிகளில் இல்லையா? தலைமறைவு வாழ்விலும் சிறையிலும் பத்தாண்டுகள் கழித்த முன்னோடிகளைக் காட்டி, ஒரு மாதம் கூட்டத்துக்கு வராத இளைஞரை வெட்கப்பட வைக்கும் பேச்சு இன்றும் கேட்கிறது. அந்த முன்னோடிகள் தனித்து நின்று தாங்கியவர்கள் அல்லர். தலைமறைவுத் தோழருக்குச் சோறு போட்ட வீடுகள் இருந்தன. சிறை சென்றவரின் குடும்பத்துக்கு அரிசி அளந்த சங்கம் இருந்தது. காசநோய் கண்ட தோழரை மருத்துவமனையில் சேர்த்துப் பக்கத்தில் படுத்துக்கிடந்த தோழர்கள் இருந்தார்கள். தியாகத்தின் வரலாற்றை எழுதியவர்கள் இந்தப் பராமரிப்பின் வரலாற்றை எழுதாமல் விட்டார்கள். அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதும் விட்டதற்கு ஒரு காரணம்.

தங்கவயலின் வரலாறே இதற்குச் சான்று. அங்கு செங்கொடி ஏறுவதற்கு முன்பே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், பண்டிதர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளை பரப்பியிருந்தது. 1914இல் பண்டிதர் மறைந்தார். பின்னர் ஜி. அப்பாதுரையார் 1926 முதல் தங்கவயலிலிருந்தே "தமிழன்" இதழை நடத்தினார். சுரங்கத்தில் பாறை உடைத்தவர்கள் மேலே வந்து வரலாறும் தத்துவமும் படித்தார்கள். தன்மதிப்பு என்பதை அவர்கள் முதலில் கற்றது அங்கேதான். 1930 ஏப்ரலில், தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிவு செய்யக் கம்பெனி முனைந்தபோது, தொழிற்சங்கம் என்று ஒன்று முறையாக இல்லாத நிலையிலேயே 21 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தது. தங்கம் திருடுபவர்கள் என்ற பட்டத்தைச் சுமக்க மறுத்த மனிதர்களின் போராட்டம் அது. தலைவர் இன்னார் என்று சுட்ட முடியாத அந்த வேலைநிறுத்தத்தைச் சிறு எழுச்சி என்று கடந்து செல்வது தவறு. படிப்பகமும் பஜனைக் கோயிலும் லைன் வீடுகளின் உறவும் சேர்ந்து நெய்த அமைப்பு ஒன்று அதற்குள் இருந்தது.

1940களில் கே.எஸ். வாசன் போன்ற கம்யூனிஸ்டுகள் தங்கவயலில் சங்கம் கட்டியது இந்த மண்ணின் மீதுதான். 1946 நவம்பர் 4ஆம் நாள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அந்த அடிக்குப் பின் சங்கம் சிதறிப்போகும் என்று கம்பெனியும் சமஸ்தான அரசும் கணக்குப் போட்டன. 1952இன் முதல் பொதுத் தேர்தலில், இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்த தங்கவயல், கம்யூனிஸ்ட் வாசனையும் அம்பேத்கரின் பட்டியலினக் கூட்டமைப்பைச் சேர்ந்த சுவாமிதுரையையும் மைசூர் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. சிவப்பும் நீலமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலங்கள் பின்னால் வந்தன என்பது வேறு செய்தி. துயரத்திலிருந்து ஒரு மக்கள்திரள் ஆறாண்டுக்குள் எப்படி மீண்டது என்பதற்கு விடை அந்தத் தேர்தல் முடிவில் இருக்கிறது. இறந்தவர்களின் குடும்பங்கள் தனித்து விடப்படாத இடத்தில்தான் உயிரோடிருப்பவர்கள் மறுபடி கொடி பிடிப்பார்கள்.

துப்பாக்கியால் இறந்தவர்கள் ஆறு பேர். தூசியால் இறந்தவர்களை எண்ணியவர் இல்லை. 1940களில் தங்கவயலில் 7,600க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு 40 பேருக்கு மேல் சிலிகோசிஸ் நோய் காணப்பட்டதாக மருத்துவர்கள் பதிவு செய்தனர். இந்தியாவில் இந்த நோய் பற்றிய தொடக்க கால ஆய்வுகளில் ஒன்று அது. படிகக்கல்லைத் துளைக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகி, மூச்சுக்காற்று புகும் இடத்தைச் சிறிது சிறிதாக அடைத்துவிடும். வேலையை விட்டு ஆண்டுகள் பல கடந்த பின்னரும் நோய் முற்றிக்கொண்டே போகும். காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும். குணப்படுத்தும் மருந்து கிடையாது. உலகிலேயே மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று என்ற பெருமை சாம்பியன் ரீஃபுக்கு உண்டு. மூன்று கிலோமீட்டருக்கு மேல் அதன் ஆழம். 1965இல் வளிமண்டல நியூட்ரினோ துகளை விஞ்ஞானிகள் முதன்முதலாகப் பதிவு செய்த இடங்களுள் தங்கவயலும் ஒன்று என்பதையும் பள்ளிப் புத்தகங்கள் சொல்லும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகளைப் பிடிக்கக் கருவி இறக்கிய நாட்டில், தொழிலாளியின் மார்பில் படிந்த துகளை எண்ண ஒரு பதிவேடு இல்லாமல் போனது.

சுரங்கத்தோடு நிறுவனத்தின் மருத்துவமனையும் மூடப்பட்டது. பழைய எக்ஸ்ரே படங்களும் பணிப் பதிவேடுகளும் எங்கே என்று கேட்டு அலையும் முதியவர்களோடு அலைவது அவர்களின் பேரப்பிள்ளைகள். ராஜஸ்தான் அரசு 2019இல் சிலிகோசிஸ் நோயாளிகளுக்கான தனிக் கொள்கையை அறிவித்தது. சான்று பெற்ற நோயாளிக்கு உதவித்தொகை, ஓய்வூதியம், இறப்புக்குப் பின் குடும்பத்துக்கு உதவி என்று அதில் வழி உண்டு. கல்குவாரித் தொழிலாளர்களும் அவர்களுக்குத் துணை நின்ற அமைப்புகளும் பல்லாண்டு போராடிப் பெற்றது அது. நடைமுறையில் குறைகள் ஏராளம் என்றாலும், தங்கவயலின் முன்னாள் தொழிலாளிக்கு அந்த வழியாவது திறக்கப்பட வேண்டும். சுரங்கச் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை விழுங்கிய புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு இதை எளிதாக்கப் போவதில்லை.

மூடலுக்குப் பிந்தைய கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். சுரங்கத்தைத் தாங்களே நடத்தவும் அணியமாக இருந்த தொழிலாளர் சங்கங்கள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கின. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உலகளாவிய ஏலத்துக்கு வழிவிட்டது. ஆண்டுகள் உருண்டும் சுரங்கம் திறக்கவில்லை. 2011இல் தங்கவயலில் மலக்குழியில் இறங்கிய மூவர் மாண்டனர். அப்போதுதான், பொன் விளைந்த ஊரில் மனிதக் கழிவை மனிதன் அள்ளும் கொடுமை நீடிப்பது நாட்டுக்கே தெரிந்தது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் 13 சயனைடு மேடுகளிலிருந்து எஞ்சிய தங்கத்தைப் பிரித்தெடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மேடுகளில் குவிந்திருப்பது ஏறத்தாழ 3.3 கோடி டன் கழிவு. அதைக் கிளறும்போது எழும் தூசி யார் வீட்டுக்குள் போகும், வேலை யாருக்குக் கிடைக்கும், எடுத்து முடித்த நிலம் யாருக்குச் சேரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை வேண்டும். பாலகாட் இளைஞர்களைத் திரட்டுவதற்கு இதைவிட உடனடியான பிரச்சினை வேறில்லை. கழிவு மேட்டில் வேலை என்ற வாக்குறுதியைக் காட்டி, ஒப்பந்தக்காரர்கள் லைனுக்கு லைன் ஆள் பிடிக்கும் நாள் வந்தால், தூசியை எதிர்ப்பவனும் வேலை கேட்பவனும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பியாக நின்று மோதிக்கொள்ள நேரும். பாதுகாப்பும் வேலையும் ஒரே கோரிக்கையின் இரு பாதிகள் என்பதை இப்போதே பேசித் தெளிவது அவசியம்.

இந்தப் போராட்டம் ஓராண்டில் முடியாது. பத்தாண்டு தாங்கும் அமைப்பு எப்படிக் கட்டப்படுகிறது என்பதற்குச் சுரங்கத் தொழிலாளரிடமிருந்தே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சத்தீஸ்கரின் தல்லி ராஜ்ஹராவில், பிலாய் உருக்காலைக்கு இரும்புக்கனிமம் வெட்டித் தந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1977இல் சங்கர் குஹா நியோகியின் தலைமையில் தனிச் சங்கம் கண்டனர். அவ்வாண்டு ஜூன் 2, 3 நாட்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் கொல்லப்பட்டனர். சங்கத்தின் துணைத் தலைவியாக இருந்த குசும் பாய் என்ற தொழிலாளி சில ஆண்டுகளுக்குப் பின் பிரசவத்தின்போது உரிய சிகிச்சை கிடைக்காமல் இறந்தார். அந்தச் சாவுக்கு நீதி கேட்டு ஊர்வலம் போனதோடு தொழிலாளர்கள் நிற்கவில்லை. தங்களுக்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். முதலில் ஒரு சிறு மருந்தகம். பின்னர், வேலை முடிந்த நேரங்களில் கல் சுமந்து, கூலியில் ஒரு பங்கு தந்து, அரசின் பணமோ அந்நியப் பணமோ இல்லாமல் அவர்களே கட்டிய "ஷஹீத்" மருத்துவமனை 1983 ஜூன் 3ஆம் நாள், துப்பாக்கிச் சூட்டின் நினைவுநாளிலேயே, திறக்கப்பட்டது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்றனர். இளம் மருத்துவர்கள் பலர் நகர வருமானத்தைத் துறந்து அங்கு வந்து பணியாற்றினர். குடியால் சீரழிந்த குடும்பங்களைக் காக்க மதுவுக்கு எதிராகச் சங்கம் நடத்திய இயக்கமும் அதே காலத்தது. குடித்தவனை அடித்துத் திருத்துவதற்குப் பதிலாக அவன் குடிக்கும் காரணத்தைச் சங்கத்தில் வைத்துப் பேசினார்கள்.

நியோகியின் அரசியலோடு இடதுசாரிக் கட்சிகளுக்குப் பல வேறுபாடுகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. 1991 செப்டம்பர் 28ஆம் நாள் உறக்கத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது யார் மகிழ்ந்தார்கள் என்பதைக் கொண்டு அவர் யாருடைய மனிதர் என்று அறியலாம். போராட்டமும் கட்டுமானமும் பிரிக்க முடியாதவை என்று அவர் வகுத்த நெறி, சீர்திருத்தவாதம் என்று முத்திரை குத்தி ஒதுக்கக்கூடியது அன்று. கொல்லப்பட்டவர்களுக்கு எழுப்பும் கல்தூணுக்கும், கொல்லப்பட்டவர்களின் பெயரில் பிரசவம் பார்க்கும் கூடத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தங்கவயல் தோழர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இன்னோர் எடுத்துக்காட்டு தங்கவயலுக்கு மிக அருகில், தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது. 1992 ஜூன் 20ஆம் நாள் வாச்சாத்தியில் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினரின் வெறியாட்டத்தில் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அவர்களில் பள்ளிச் சிறுமிகளும் இருந்தனர். ஊரே கைது செய்யப்பட்டது. மலைவாழ் மக்கள் சங்கமும் கட்சியும் உடன் நின்று நடத்திய வழக்கில், 2011 செப்டம்பர் 29ஆம் நாள், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். 2023இல் அதே செப்டம்பர் 29ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டுகள்! சாட்சிக் கூண்டில் ஏறிய ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்கள் தம் காயத்தைத் தாமே கிழித்துக் காட்ட வேண்டியிருந்தது. அவர்கள் பின்வாங்காமல் நின்றதற்கு அவர்களின் மனவுறுதி காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. நீதிமன்றத்துக்குச் செல்லும் நாளில் குழந்தையைப் பார்த்துக்கொண்டது யார், கூலி இழந்த நாளுக்கு உலை வைத்தது யார், திருமணப் பேச்சு தடைப்பட்டபோது வீட்டுக்கு வந்து பேசியது யார் என்றும் கேட்க வேண்டும். வழக்கின் ஆவணங்களில் இவை இடம்பெறா. வழக்கை வென்று தந்தவற்றில் இவற்றுக்கும் பங்குண்டு.

இந்தப் பாடங்களைத் தங்கவயலுக்குக் கொண்டுவருவது எப்படி? முதலாவது, கிளை கூடும் இடத்தை மாற்றுவது. இளைஞர்கள் நாள்தோறும் ஐந்து மணிநேரம் ஒன்றாக அமர்ந்திருக்கும் இடம் ரயில் பெட்டி. பாலகாட், கோரமண்டல், உரிகம் பகுதிப் பயணிகள் வழக்கமாக ஏறும் பெட்டிகளே அவர்களின் வாசகசாலையாகவும் கூட்ட அரங்காகவும் ஆகலாம். பத்திரிகை வாசிப்பும் ரயில் பிரச்சினையும் கூலிப் பிரச்சினையும் அங்கேயே பேசப்படலாம். ஒரே ஒப்பந்த நிறுவனத்தில் வேலை செய்யும் நால்வர் ஒருவரையொருவர் அறிவதும் அங்கேதான். பெண்கள் பயணிக்கும் பெட்டியில் பெண் தோழர்களே இதை முன்னெடுக்க வேண்டும். ஆண் தோழர்கள் சென்று வகுப்பு எடுக்கும் வேலை அங்கே தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமையைக் கூட்டங்களால் நிரப்பாமல் விடுவதும் ஒரு முடிவுதான். வாரத்தில் ஒருநாள் வீட்டோடு இருக்கும் இளைஞரை அந்த ஒருநாளும் வீட்டிலிருந்து பிரித்தால், இயக்கத்தை முதலில் வெறுப்பது அவர் வீட்டில் இருப்பவர்களே.

அடுத்தது பொறுப்புகளைப் பகிர்வது. திறமையுள்ள ஓர் இளைஞர் கிடைத்துவிட்டால் வாலிபர் அமைப்பு, தொழிற்சங்கம், பத்திரிகை, தேர்தல் வேலை என்று நான்கு பொறுப்புகளையும் அவர் தலையில் வைப்பது நம் வழக்கம். மூன்றாம் ஆண்டில் அவர் தளர்ந்தால் நாம் வியப்படைகிறோம். ஒரு பொறுப்பில் ஈராண்டு, பின்பு சில மாத ஓய்வு, அந்த ஓய்வில் படிப்பு என்று மாவட்டக் குழுக்கள் முறை வகுக்கலாம். ஓய்வில் இருப்பவரைப் பற்றி விசாரிக்கச் செல்லும் தோழர் கையில் நன்கொடைச் சீட்டுப் புத்தகத்தோடு செல்லாமல் இருப்பது நல்லது.

மனநோய், தற்கொலை எண்ணம், குடி ஆகியவற்றைப் பற்றிப் பேசக் கிளைகள் கூச்சப்படுகின்றன. 2016 ஜனவரியில் ஹைதராபாத்தில் ரோகித் வேமுலாவை இழந்தபோது நாடே எழுந்தது. அது நிறுவனம் செய்த கொலை என்று சரியாகவே சொன்னோம். அந்த எழுச்சியில் முன் நின்ற மாணவர்களில் எத்தனை பேர் பின்னர் உறக்கமின்றித் தவித்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள எந்த அமைப்பிடமும் வழி இல்லை. மனத்துக்கு மருத்துவம் தேடுவது கொள்கைத் தளர்ச்சி ஆகாது. முற்போக்கு மருத்துவர்கள் மாதம் ஒருமுறை தங்கவயலுக்கு வந்து நுரையீரலையும் மனத்தையும் ஒரே முகாமில் பரிசோதிக்க ஏற்பாடு செய்தால், "பைத்தியத்துக்கு வைத்தியம்" என்ற ஊர்ப்பேச்சுக்கும் இடமிராது.

இவை அனைத்துக்கும் முன்னதாகச் செய்யக்கூடிய வேலை ஒன்றுண்டு. அதற்குப் பணமும் அதிகம் வேண்டியதில்லை. ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கத்தைத் தேடத் தொடங்கிய அதே 1880இல், காரல் மார்க்ஸ் பிரெஞ்சுத் தொழிலாளருக்காக நூறு கேள்விகள் கொண்ட ஒரு விசாரணைப் பட்டியலைத் தயாரித்தார். வேலை நேரம், கூலி, விபத்து, நோய், குழந்தைகளின் படிப்பு எனத் தம் நிலையைத் தொழிலாளர்களே எழுத வேண்டும் என்பது அதன் நோக்கம். அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, இங்கிலாந்தின் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றிய நூலை எழுதி, சுரங்கத் தொழிலாளியின் மூச்சுத்திணறலை அதில் பதிவு செய்த எங்கெல்சுக்கு வயது 24. பாலகாட்டில் அந்த வயதுடைய இளைஞர்கள் இருக்கிறார்கள், கைப்பேசியும் இருக்கிறது. லைன் லைனாக, வீடு வீடாகச் சென்று கேட்க வேண்டியவை தெளிவு. யார் எந்தச் சுரங்கத்தில் எத்தனை ஆண்டு வேலை செய்தார், எப்போது இருமல் தொடங்கியது, எக்ஸ்ரே உண்டா, வீட்டுக்கு என்ன ஆவணம் உண்டு, பெங்களூரில் யார் எந்த ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறார், சேமநிதி பிடிக்கிறார்களா, காற்று மாதங்களில் குழந்தைகளுக்கு என்ன நோய் வருகிறது. கடைசியாக ஒரு கேள்வி: இரவில் தூக்கம் வருகிறதா?

சிலிகோசிஸ் சான்றுக்கும், பட்டாக் கோரிக்கைக்கும், சயனைடு மேட்டு ஏலத்தின் மீதான ஆட்சேப மனுவுக்கும் இந்த விவரங்கள் அடிப்படை ஆகும். முதியவர்களிடம் இளைஞர்கள் அமர்ந்து கேட்கும் அந்த மணிநேரங்களுக்கு வேறொரு பயனும் உண்டு. பேரன் பாட்டனாரிடம் இதுவரை கேட்காததைக் கேட்பான். பாட்டனாரும் இதுவரை எவரிடமும் சொல்லாததைச் சொல்வார். நவம்பர் 4 நினைவுக் கூட்டத்தில் தொகுப்பின் முதல் பகுதியை மக்கள் முன் வாசிக்க முடியும் என்றால் வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.

கேள்விப் பட்டியல் தமிழில் மட்டும் அச்சாவது போதாது. தங்கவயலில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் உண்டு. கன்னடம் படித்த பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாத வீடுகளும் உண்டு. மனுக்கள் செல்ல வேண்டிய அலுவலகங்களின் மொழி கன்னடம். மூன்று மொழியிலும் ஒரே எண் வரிசையில் கேள்விகள் அமைந்தால்தான் விடைகளைப் பின்னர் ஒன்று சேர்க்க இயலும். கர்நாடக மாநிலக் குழுவும் தமிழ்நாட்டு மாநிலக் குழுவும் ஆளுக்கு இரு மொழிபெயர்ப்பாளர்களை ஒதுக்கினால் பதினைந்து நாட்களில் பட்டியல் அணியமாகிவிடும்.